குடைக்கம்பிச் சீப்பும் பதினோரு ஆய்வுக் கட்டுரைகளும்

கப்பலூர் தொழிற்பேட்டையில் பாண்டிமீனாவின் ஷெட்டில் புளியங்கொட்டை எடுக்கும் மெஷின் ஒன்று ஓடுகிறது. பெரிய சங்கதி ஒன்றும் இல்லை. இரண்டு உருளை, ஒரு சீப்பு, ஒரு மோட்டார். ஓர் உருளை இரும்பு. இன்னொன்றுக்கு மேலே ரப்பர் சுற்றியிருக்கும். தோடு நீக்கிய புளியை நடுவில் போட்டால் நசுங்கிக் கொட்டை பிதுங்கி வெளியே வரும். இந்த மட்டுக்கும் ஏற்கெனவே பலபேர் செய்து பார்த்துக் கைவிட்டதுதான். ஏனென்றால் புளி லேசுப்பட்ட சாமான் இல்லை. உருளையில் அப்பிக்கொண்டால் அரை மணிக்கு ஒரு தரம் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தியை வைத்துச் சுரண்ட வேண்டும். பாண்டிமீனா பழைய குடைகளை வாங்கி வந்தாள். கம்பிகளை உருவி, ஒரே நீளத்துக்கு நறுக்கி, ஒரு சட்டத்தில் வரிசையாக வைத்து வெல்டிங் அடித்து, ரப்பர் உருளைக்குக் கீழே சீப்பு மாதிரி மாட்டினாள். குடைக்கம்பிக்கு வளைந்துகொடுக்கிற குணம் உண்டு. கொட்டை வந்து மோதினால் விலகி வழிவிட்டது. புளி வந்தால் வழித்துத் தள்ளியது. காலையில் போட்ட மெஷின் பொழுது சாய்கிற வரைக்கும் நிற்காமல் ஓடியது. கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.

அவளுடைய புருஷன் மருது, பக்கத்து ஷெட்டில் ஃபிட்டர். அவன் வந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் மருது இத்தனை நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

விஷயம் பரவி, விவசாயக் கருவிகள் செய்கிற பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து மேனேஜர் ஒருவர் காரில் வந்து இறங்கினார். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். கீழே தகடு மூடியிருந்ததால் சீப்பு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. நல்ல மனுஷர், ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். “இந்தா பாருங்கம்மா, இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டீங்கன்னா உங்க பேரைத் தகட்டுல அடிச்சு, உங்ககிட்ட ஒப்பந்தம் போட்டுச் செய்வோம். வாங்கலேன்னா உங்களைக் கேக்காம நாங்களே செஞ்சுக்குவோம். ரெண்டுல எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்” என்றார்.

அவர் சந்தோஷமாகப் போய்விட்டார். பாண்டிமீனாவுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையால் செய்ததை எவனோ அவன் பேரைப் போட்டு விற்கப்போகிறான் என்கிற நினைப்புதான். மறுநாள் காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வக்கீலைப் பார்க்கப் போனாள்.

வழக்கறிஞர் முனைவர் அழகுமலையின் பெயர்ப்பலகை அவருடைய வாசலைவிட அகலம். பாதிப் பலகை பக்கத்து வீட்டுச் சுவரில் இருந்தது. பட்டங்களை எழுத இடம் போதாமல் மூன்றாம் வரியிலிருந்து எழுத்து சிறுத்துக்கொண்டே போய், கடைசி வரியைப் படிக்க வேண்டுமானால் குனிந்து கிட்டத்தில் முகத்தை வைக்க வேண்டும். அந்தக் கடைசி வரியில்தான் ‘அறிவுசார் சொத்துரிமை’ என்று இருந்தது.

அழகுமலை முதல் பத்து வருஷம் மோட்டார் விபத்து வழக்குதான் நடத்தினார். பிறகு ஒரு கருத்தரங்கில் அறிவுசார் சொத்து என்கிற சொல்லைக் கேட்டார். தன்னிடம் இருக்கிற ஒரே சொத்து அதுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அதன்பிறகு ஒரு பரோட்டாக் கடையின் பெயருக்காக வழக்காடி ஜெயித்தார். எதிர்த்தரப்பு வராததால் ஜெயித்த வழக்கு அது. அதைப்பற்றி முந்நூற்றுப் பத்துப் பக்கத்தில் நூல் எழுதினார். பரோட்டாக் கடைக்காரர் அந்த நூலில் நாற்பது வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்திருக்கிறார், மேஜை ஆடாமல் இருக்கிறதாம்.

மொத்தம் நூற்று நாற்பது கட்டுரை எழுதியிருந்தார். ஆனால் ஆய்வு உலகத்தில் எழுதினது கணக்கில்லை. ஒருத்தர் எழுதினதை இன்னொருத்தர் எடுத்துக்காட்ட வேண்டும், அதற்கு மேற்கோள் என்று பேர். அதை எண்ணி இணையத்தில் போடுகிறார்கள். அழகுமலையின் பெயருக்கு நேரே இருந்த எண் சைபர். ஒரு தடவை அது மூன்றாக ஏறியது. மூன்றும் அவரே அவரை மேற்கோள் காட்டியது என்று கண்டுபிடித்துக் கழித்துவிட்டார்கள். அந்த வாரம் அவர் கோர்ட்டுக்கே போகவில்லை. ஒரு கல்லூரியில் ‘அறிவுசார் சொத்துரிமை உயராய்வு நடுவம்’ ஆரம்பித்து அதற்கு இயக்குநர் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மேற்கோளாவது இருந்தால்தான் விண்ணப்பமே போட முடியும்.

இப்படிப்பட்ட மனுஷரிடம்தான் பாண்டிமீனா போய் உட்கார்ந்து, குடைக்கம்பி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். அழகுமலை கண்ணை மூடிக் கேட்டார். முடிந்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. ஜூனியர் வக்கீல் ரோகிணி பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

“சார், இன்னைக்கே விண்ணப்பம் போட்டுரலாம். வெளியில தெரியிறதுக்கு முந்தி போட்டாத்தான் நல்லது” என்றாள் ரோகிணி.

“விண்ணப்பம்!” என்று கண்ணைத் திறந்தார் அழகுமலை. “எடுத்தவுடனே விண்ணப்பமா? அடித்தளம் வேண்டாமா? முதலில் கோட்பாட்டுப் பின்புலம். பிறகு இலக்கிய மீளாய்வு. அதற்குப் பிறகு கள ஆய்வு. விண்ணப்பம் என்பது ஓர் ஆய்வின் கனி அம்மா. காயாக இருக்கும்போதே பறிக்கலாமா?”

“புளியங்காய்னா ஊறுகாய்க்கு ஆகும்ங்கய்யா” என்றாள் பாண்டிமீனா, என்ன கேட்கிறார் என்று விளங்காமல்.

அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாசம் முதல் கருத்தரங்கு. மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அங்கேதான் விண்ணப்பம் போடுவார்களோ என்று நினைத்துப் பாண்டிமீனாவும் ஏற்றிக்கொண்டு போனாள். மேடையில் பதினேழு நாற்காலி. குத்துவிளக்குக்கு ஐந்து முகம்தான் இருந்ததால் மிச்சப்பேர் ஏற்கெனவே எரிகிற திரியை மறுபடியும் ஏற்றினார்கள். வரவேற்புரை, அறிமுகவுரை, நோக்கவுரை, தொடக்கவுரை, வாழ்த்துரை ஆறு. ஒவ்வொரு உரைக்கும் முன்னால் பொன்னாடை, பின்னால் பொன்னாடை. போர்த்தினவருக்குப் போர்த்திக்கொண்டவர் திருப்பிப் போர்த்தினார். ஒரு மணிக்குத் தலைவர் எழுந்தார்.

“நான் இங்கே வாசிக்கப்படவிருக்கும் கட்டுரைகளைப் படிக்கவில்லை” என்று ஆரம்பித்தார். கைதட்டல். “படித்தால் நடுநிலை கெட்டுவிடும். ஆகவே கடந்த பன்னிரண்டு ஆண்டுகளாக நான் எந்தக் கட்டுரையையும் படிப்பதில்லை. அந்த நேர்மைக்காகத்தான் தமிழ்நாடு முழுவதும் என்னைத் தலைமை தாங்க அழைக்கிறார்கள். ஆய்வாளர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுதுங்கள், எழுதிக்கொண்டே இருங்கள். யாராவது படிப்பார்களா என்று கவலைப்பட்டிருந்தால் நான் இந்த இடத்துக்கு வந்திருக்க முடியுமா?”

கட்டுரை வாசிக்க ஆளுக்கு நாலு நிமிஷம். அதில் மூணு நிமிஷம் மேடையில் இருக்கிறவர்களின் பேரைச் சொல்ல ஆனது. மிச்ச ஒரு நிமிஷத்தில் அழகுமலை மெஷினைக் காட்டி என்னவோ சொன்னார். பாண்டிமீனாவுக்கு ‘புளி’ என்கிற வார்த்தை மட்டும் பிடிபட்டது. சாப்பாட்டு வரிசையில் சான்றிதழ் கொடுத்தார்கள். பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கோ அத்தனை சான்றிதழ் கொடுத்தாக வேண்டுமாம். வேனிலிருந்து இறக்கும்போது யாரோ மெஷினையும் பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். ஆகவே ‘திரு. பு. மெஷின், கப்பலூர் அவர்கள் முழுமையாகப் பங்கேற்றுச் சிறப்பித்தமைக்காக’ என்று ஒன்று வந்தது. அதை மருது வாங்கி வைத்துக்கொண்டான்.

“ஏங்கய்யா, அப்ளிகேசன் எப்பப் போடுவீங்க?” என்று கேட்டாள் பாண்டிமீனா.

“போட்டுவிடலாம் அம்மா. அடுத்த பரிமாணம் ஒன்று பாக்கி இருக்கிறது” என்றார் அழகுமலை.

அந்த மெஷினுக்கு எத்தனை பரிமாணம் இருந்தது என்கிறீர்கள்! ‘புளியும் அதிகாரமும்’ என்று ஒரு கட்டுரை. ‘கொட்டை நீக்கம்: ஓர் உளப்பகுப்பாய்வு’ என்று ஒன்று. ‘சுழலும் உருளைகளும் சுழலாத சட்டங்களும்’ என்று ஒன்று. பரவை மார்க்கெட்டில் புளி மண்டிக்காரர்கள் முப்பது பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, ‘புளிக்கும் தங்களுக்குமான உறவை எவ்வாறு வரையறுப்பீர்கள்?’ என்று கேட்டு எழுதினது ஒன்று. அதில் இருபத்தெட்டுப் பேர் ‘கிலோ இன்ன விலை’ என்று எழுதியிருந்தார்கள். அதிலிருந்து அழகுமலை ஒன்பது அட்டவணை போட்டார். பதினாலு மாசத்தில் மொத்தம் பதினோரு கட்டுரை. பதினோராவதுதான் பெரியது. அதில் மெஷின் எப்படி வேலை செய்கிறது என்பதை முழுதாக விவரித்திருப்பதாக அவரே சொன்னார். சொன்னதோடு நிற்காமல் இணையத்தில் மூன்று இடத்தில் ஏற்றினார்.

ஒருநாள் கம்பெனி மேனேஜர் போன் பண்ணி, “என்னம்மா, வாங்கிட்டீங்களா, வாங்கலையா? தை மாசம் நாங்க செய்ய ஆரம்பிக்கணும்” என்றார். பாண்டிமீனா போனை வைத்துவிட்டு நேரே வக்கீல் ஆபீசுக்கு வந்து, ரோகிணிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அழகுமலை வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தார்.

“அழாதீங்கக்கா” என்றாள் ரோகிணி. “சார் கையெழுத்துப் போட்ட வக்காலத்து எங்கிட்ட இருக்கு. நான் இன்னைக்கே போட்டுர்றேன்.”

அன்றைக்கே போட்டாள். பதினாலு மாசம் நடக்காதது ஒன்றரை மணி நேரத்தில் நடந்தது. சீக்கிரம் பரிசீலிக்கும்படி தனி மனுவும் சேர்த்துப் போட்டாள்.

சில மாதத்தில் காப்புரிமை அலுவலகத்திலிருந்து அறிக்கை வந்தது. அழகுமலைதான் முதலில் படித்தார். படிக்கிறபோதே எழுந்து நின்றார். பாண்டிமீனாவும் மருதுவும் என்னவோ ஏதோ என்று பதறிப்போனார்கள்.

“காட்டிவிட்டார்கள்!” என்றார் அவர். “மேற்கோள் காட்டிவிட்டார்கள்! அரசாங்கமே காட்டிவிட்டது! பதினோராவது கட்டுரை, பக்கம் நாற்பத்து மூன்று முதல் எழுபத்தெட்டு வரை, ஆசிரியர் அழகுமலை! ரோகிணி, அல்வா வாங்கிக்கொண்டு வா!”

“அப்பக் காப்புரிமை கெடைச்சிருச்சாங்கய்யா?” என்றாள் பாண்டிமீனா.

ரோகிணி அல்வாப் பொட்டலத்தோடு திரும்பி வந்து, அதை மருது கையில் கொடுத்துவிட்டு அறிக்கையை வாங்கிப் படித்தாள். அவள் முகம் சுண்டிவிட்டது. “இல்லக்கா. கிடைக்காதுன்னு எழுதியிருக்காங்க. புதுசா இருந்தாத்தான் காப்புரிமை. விண்ணப்பம் போடுறதுக்கு முந்தியே ஊரறிய வெளியான விஷயம் புதுசு ஆகாது. இந்த மெஷின் முழுக்க சாரோட கட்டுரையில ஏற்கெனவே வெளியாயிருச்சாம். அதைக் காட்டித்தான் தள்ளப்போறாங்க.”

மருது அல்வாவைக் கையில் வைத்துக்கொண்டு, தின்பதா வேண்டாமா என்று பொண்டாட்டியைப் பார்த்தான்.

மதுரைக்காரர்கள் எதற்கும் ஃப்ளெக்ஸ் வைக்காமல் விடமாட்டார்கள். மூன்றாம் நாள் கப்பலூரில், பாண்டிமீனாவின் ஷெட்டுக்கு நேர் எதிரே, இருபதடிக்குப் பத்தடியில் ஒன்று எழுந்தது. ‘மேற்கோள் காட்டப்பட்ட மேதையே! அரசாங்கம் மறுக்க முடியாத ஆதாரமே!’ என்று போட்டு, அழகுமலை செல்போனில் பேசுகிற மாதிரி ஒரு படம். கீழே கோர்ட்டு நண்பர்கள் நாற்பது பேரின் ஸ்டாம்ப் அளவு தலைகள். நன்றியுடன் என்று ஓரத்தில் பாண்டிமீனாவின் படத்தையும் போட்டிருந்தார்கள். தன் விண்ணப்பம் மண்ணாய்ப் போனதற்குத் தானே நன்றி சொல்கிற படத்தைப் பார்த்துக்கொண்டுதான் அவள் தினமும் ஷட்டரைத் திறந்தாள்.

ரோகிணி ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கே வந்தாள். “அக்கா, ஒரே ஒரு வழி இருக்கு. வெளியான கட்டுரையைப் படிச்சுட்டு, இந்தத் தொழில் தெரிஞ்ச ஒருத்தர் மெஷினைச் செய்ய முடியணும். அப்பத்தான் அது செல்லும். படிச்சாலும் செய்ய முடியாதுன்னு நிரூபிச்சா, அந்தக் கட்டுரை இருந்தும் இல்லாத மாதிரிதான்.”

“அதப் படிச்சா புரியாதுன்னு நிரூபிக்கணும், அப்படித்தானம்மா?”

“அப்படித்தான்க்கா.”

பாண்டிமீனாவுக்குப் பல மாசத்துக்குப் பிறகு சிரிப்பு வந்தது.

மருதுவுக்குத்தான் மெஷின் தெரியும், ஆகவே அவனைச் சேர்க்கக் கூடாது. வாடிப்பட்டியிலிருந்து, மெஷினைக் கண்ணால்கூடப் பார்க்காத அருள்பாண்டி என்கிற டர்னரை வரவழைத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் லேத்தில் நின்ற ஆள். மருது வேலை பார்க்கிற ஷெட்டில் வைத்து அவர் கையில் கட்டுரையைக் கொடுத்து, வீடியோ எடுக்க ரோகிணி எதிரே நின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

“‘ஈருருளை எதிர்ச்சுழற்சிப் புலத்தில் நிகழும் வித்துநீக்கச் செயற்பாடானது, நெகிழ்வுறு பன்முனைக் கழிப்புக் கட்டமைவின் ஊடாக, ஒட்டுதலின் அரசியலைக் கேள்விக்குட்படுத்துகிறது.’ ஏ மாப்ள மருது, இது எலக்சன் நோட்டீஸா?”

“படிண்ணே, இன்னும் முப்பத்தஞ்சு பக்கம் இருக்கு” என்றான் மருது.

அருள்பாண்டி தொழிலில் சுத்தமான மனுஷர். வாங்கின வேலையைப் பாதியில் விடமாட்டார். மூன்று நாள் படித்தார், நாலு நாள் வேலை செய்தார். எதிர்ச்சுழற்சி என்றிருந்ததால் இரண்டு உருளையையும் வெளிப்பக்கமாகச் சுற்றவிட்டார். பன்முனை என்றிருந்ததால் நாலு பக்கமும் ஆணி அடித்தார். ‘அழுத்தம் மேல்நோக்கிய விடுதலையைக் கோருகிறது’ என்று ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்ததால் மேலே மூடி வைக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும், போட்ட புளி மொத்தமும் கூரையில் போய் அப்பியது. கொட்டையோடுதான் போனது. ரோகிணி அதையும் வீடியோவில் எடுத்தாள். கூரையிலிருந்து ஒரு வாரம் வரைக்கும் சொட்டுச் சொட்டாய்ப் புளி விழுந்துகொண்டிருந்தது.

அருள்பாண்டி பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “தாயி, எம்மேல தப்பிருந்தா மன்னிச்சுக்கோ. நான் அஞ்சாப்புதான்” என்றார். பாண்டிமீனாவுக்குச் சங்கடமாகப் போயிற்று.

எழுதினவரே ஒரு வரி எழுதிக் கொடுத்தால் சோலி சுளுவாக முடியும் என்றாள் ரோகிணி. ஆகவே பாண்டிமீனா அழகுமலையிடம் போனாள். ‘என் கட்டுரையைப் படித்து இம்மெஷினைச் செய்ய இயலாது’ என்று ஒரே வரி. அவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மேஜையில் குப்புற வைத்தார்.

“அம்மா, முப்பது வருஷமாக எழுதுகிறேன். என் மனைவி படித்ததில்லை. என் மாணவர்கள் படித்ததில்லை. அச்சுக் கோர்த்தவன்கூடப் படிக்கவில்லை. என் பரோட்டா நூலில் இருபத்தாறாம் பக்கம் இரண்டு தடவை வந்திருக்கிறது, எவனும் கேட்கவில்லை. முதன்முதலாக ஒருத்தர் படித்துவிட்டு, இவன் எழுதியிருக்கிறான் என்று சொல்லியிருக்கிறார். அது புரியாது என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறீர்களே!”

பாண்டிமீனாவுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. மனுஷர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். ஆனாலும், “அய்யா, ஒங்களுக்கு அது கட்டுரை. எனக்கு அது சோறு” என்றாள்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. விசாரணையில் வாயைத் திறக்கமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்து கொடுத்தார்.

விசாரணை வீடியோவில். அழகுமலையின் ஆபீசிலேயே, ரோகிணி நடுவில், இந்தப்பக்கம் பாண்டிமீனா, அந்தப்பக்கம் அழகுமலை. அவர் மேல்கோட்டுக்கு மேலே பொன்னாடை போர்த்தியிருந்தார். சென்னையிலிருந்து திரையில் வந்த அதிகாரி ஐம்பது வயது அம்மா ஒருவர். கட்டுரை தமிழில் இருந்ததால் விசாரணையும் தமிழுக்கு வந்தது.

ரோகிணி நன்றாகத்தான் வாதாடினாள். கூரைக்குப் புளி போன வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார். “இந்தக் கட்டுரை விளங்காதுங்கிறீங்க. ஒரு டர்னருக்கு விளங்கலேன்னா யாருக்குமே விளங்காதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?” என்று கேட்டார்.

“மேடம், இது ஒரு வாக்கியத்தில்கூட...” என்று ரோகிணி ஆரம்பிக்க, அழகுமலையால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

“ஆட்சேபிக்கிறேன்!” என்று எழுந்தார்.

அதிகாரி திகைத்துப் போனார். “நீங்க விண்ணப்பதாரரோட வக்கீல்தானே? உங்க ஜூனியரையே ஆட்சேபிக்கிறீங்களா?”

“வழக்கறிஞராக அல்ல, ஆசிரியராக ஆட்சேபிக்கிறேன். என் கட்டுரை தெள்ளத் தெளிவானது. எழுத்தறிவுள்ள எவரும் அதைப் படித்த மாத்திரத்தில் இந்தப் பொறியைச் செய்துவிடலாம். குழந்தைகூடச் செய்யலாம்!”

பாண்டிமீனா தலையில் கைவைத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துப் பாடு ஒரு வாக்கியத்தில் போயிற்று. ரோகிணி கண்ணை மூடிக்கொண்டாள். அழகுமலை மட்டும் நிமிர்ந்து நின்றார். உண்மையைச் சொல்ல வேண்டுமானால் அந்த நிமிஷத்தில் அவர் கம்பீரமாகத்தான் இருந்தார்.

“அப்படியா? ரொம்ப நல்லது” என்றார் அதிகாரி. “எழுதினவரே வந்துட்டீங்க. எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்துல ‘நெகிழ்வுறு பன்முனைக் கழிப்புக் கட்டமைவு’ன்னு எழுதியிருக்கீங்க. அது என்ன பொருள், எதுல செஞ்சது, எங்க மாட்டணும்?”

“அருமையான கேள்வி” என்றார் அழகுமலை. “கட்டமைவு என்பதை நாம் மூன்று தளங்களில் அணுகலாம். முதலாவது...”

“தளம் வேண்டாம் சார். சாமான் என்ன?”

“சாமான் என்கிற கருத்தாக்கமே...”

“சார், மெஷினுக்குக் கீழே ஒரு பாகம் இருக்கு. அது என்ன?”

அழகுமலை இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணை மூடிக் கேட்டது. அதற்குப்பிறகு பதினோரு கட்டுரை எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பெயர் வைத்து, அந்தப் பொருள் என்னவென்பது அவருக்கே எங்கேயோ நழுவிவிட்டது. திரைக்குப் புன்சிரிப்பு ஒன்றைக் காட்டிவிட்டு, தலையைத் திருப்பி, பொன்னாடையால் வாயை மறைத்துக்கொண்டு, பாண்டிமீனாவிடம் கிசுகிசுத்தார்.

“அம்மா, கீழே என்ன அம்மா மாட்டியிருக்கிறீர்கள்?”

மைக் ஆனில் இருந்தது.

சென்னையிலும் கேட்டது, மதுரையிலும் கேட்டது. பிறகு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, “விண்ணப்பதாரரே சொல்லுங்கம்மா” என்றார்.

“குடைக்கம்பிங்கம்மா” என்றாள் பாண்டிமீனா. “ஒரே நீளத்துக்கு நறுக்கி, சீப்பு மாதிரி ரப்பர் உருளைக்கு அடியில வச்சிருக்கேன். கொட்டை வந்தா வளைஞ்சு வழிவிடும், புளி வந்தா வழிச்சுத் தள்ளிரும்.”

“அம்புட்டுத்தானா?” என்றார் அதிகாரி. அவருக்கும் தெற்கத்திப் பக்கம்தான் போலிருக்கிறது.

“அம்புட்டுத்தாங்கம்மா.”

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. காப்புரிமை வழங்கப்பட்டது. ‘மேற்படி அழகுமலையின் கட்டுரை, அதன் ஆசிரியர் நேரில் விளக்கிய பின்னரும், எந்தப் பொருளையும் எவருக்கும் வெளிப்படுத்துவதாக இல்லை’ என்று அதில் எழுதியிருந்தது. பாண்டிமீனா அந்தத் தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, மருதுவின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதாள். அவனும் அழுதுவிட்டு, கண்ணில் வெல்டிங் புகை பட்டது என்று சொல்லிக்கொண்டான். அன்றைக்கு வெல்டிங்கே நடக்கவில்லை.

அழகுமலைக்கு எப்படி முகம் காட்டுவது என்று ரோகிணிக்குத்தான் தயக்கம். போனால், அவர் உத்தரவை வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். “பதினாலு இடத்தில் என் பெயர் வருகிறது ரோகிணி! அறிக்கையில் ஒன்று. ஆக மொத்தம் பதினைந்து!” உயராய்வு நடுவத்துக்கு விண்ணப்பம் போட்டார். எத்தனை மேற்கோள் என்பதற்குத்தான் அங்கே கட்டம் இருந்தது, எதற்காக என்பதற்குக் கட்டம் இல்லை. இயக்குநர் ஆகிவிட்டார்.

தை பிறந்ததும் கம்பெனி மேனேஜர் ஒப்பந்தத்தோடு வந்தார். தகட்டில் ‘பாண்டிமீனா’ என்று அடித்து, மாதிரியும் கொண்டுவந்திருந்தார். அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையெழுத்தெல்லாம் முடிந்து காப்பி குடிக்கிறபோது அவர் வழக்கம்போல் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

“ஒரு உண்மையைச் சொல்லிர்றேன்மா. உங்களுக்குக் காப்புரிமை வராதுன்னு நெனச்சு, அந்தக் கட்டுரையை இறக்கி எங்க இன்ஜினியர்கள் அஞ்சு பேர்கிட்டக் கொடுத்துட்டோம். மூணு மாசம் முட்டி மோதிப் பாத்தாங்க. ஒருத்தர் வேலையை விட்டுட்டு எம்.ஏ. தத்துவம் படிக்கப் போயிட்டாரு. அந்தாளு மட்டும் புரியிற மாதிரி எழுதியிருந்தா, நாங்க போன வருஷமே மெஷினைக் கொண்டாந்திருப்போம். நீங்க எந்திரிக்கவே முடிஞ்சிருக்காது.”

பாண்டிமீனா காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

அடுத்த மாசம் ஒரு வியாழக்கிழமை, வாழைப்பழமும் பூவும் எடுத்துக்கொண்டு அவள் உயராய்வு நடுவத்துக்குப் போனாள். அழகுமலை புது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். கூச்சம், சந்தோஷம், பயம் எல்லாம் அவர் முகத்தில் ஒன்றாக இருந்தது.

“அய்யா, சின்ன வெங்காயம் தோலுரிக்க ஒரு மெஷின் செஞ்சிருக்கேன்” என்றாள். “விண்ணப்பம் முந்தாநேத்தே ரோகிணி போட்டுருச்சு. அதப்பத்தி நீங்க ஒரு கட்டுரை எழுதித் தரணும்.”

அழகுமலையால் நம்ப முடியவில்லை. நூற்றைம்பத்தொரு கட்டுரை எழுதியிருக்கிறார். எழுதுங்கள் என்று வந்து கேட்ட முதல் ஆள் இவள்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கமாகவே எழுதட்டுமா அம்மா?”

“விளக்கமாவே எழுதுங்கய்யா. ஒண்ணுவிடாம எழுதுங்க.”

“எத்தனை பக்கம்?”

“ஒங்களால எம்புட்டு முடியுமோ அம்புட்டு” என்றாள் பாண்டிமீனா. “எழுதி முடிச்சதும் நெட்டுல அந்த மூணு எடத்துலயும் மறக்காம ஏத்திவிட்டுருங்க. கம்பெனிக்காரங்கள்லாம் படிக்கணும்.”